அமெரிக்க காமிக்ஸின் அயல்நாட்டு மறுபதிப்புகள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சேகரிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வெளியான ஒரு சித்திரக்கதையை வேறொரு நாட்டுப் பதிப்பாளர் உரிமம் பெற்று, தம் நாட்டுத் தாளில், தம் நாட்டு விலையில், பல வேளைகளில் தம் மொழியில் மீண்டும் அச்சிட்டு விற்றால், அதை அயல்நாட்டு மறுபதிப்பு என்கிறோம். மூல அமெரிக்க இதழ்களைப் பொத்திப் பாதுகாக்கும் சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறார்கள். மறுபதிப்புகளை அப்படிப் பாதுகாத்தவர்கள் மிகக் குறைவு. படித்து முடித்ததும் அவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின, அல்லது கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. அதனால்தான் மூல இதழ் எளிதாகக் கிடைக்கும்போதுகூட, அதே கதையின் ஆஸ்திரேலிய அல்லது மெக்சிகோ பதிப்பு அரிதாக இருக்கிறது. இவற்றை மூலத்தின் மலிவான நகல்கள் என்று கருதுவோரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொன்றும் அது அச்சான நாட்டின் சட்டம், தணிக்கை, அந்நியச் செலாவணி நெருக்கடி, மை, தாள் ஆகியவற்றால் உருமாறிய தனிப் புத்தகம். சேகரிப்பவர் தேட வேண்டியது அந்த மாற்றத்தைத்தான்.

நம் கரையில் இருந்துகொண்டு இதைச் செய்வதற்குத் தனியான காரணம் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கிருந்தும், அதன்பின் 1980களின் முற்பகுதிவரை இராமேஸ்வரத்திலிருந்தும் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. சபராளிகள் கொண்டுவந்த பெட்டிகளில் சேலையும் சென்ட் புட்டியும் டார்ச் லைட்டும் இருந்ததைப் போலவே, பிள்ளைகளுக்கென்று வாங்கிய படப்புத்தகங்களும் இருந்திருக்கின்றன. பரணில் கிடக்கும் அந்தப் பெட்டிகளில் இன்னும் யாரும் தேடாதவை பல உண்டு என்பதே என் நம்பிக்கை.

முதல் படி: எது மறுபதிப்பு, எது இல்லை என்று பிரித்தறிதல்

தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தமிழில் படித்த சாகசக் கதைகள் எல்லாமே அமெரிக்காவிலிருந்து வந்தவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி பிரித்தானியக் கதை; ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அப்படியே. டெக்ஸ் வில்லர் அமெரிக்க மேற்குப் பகுதியில் குதிரையேறினாலும் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக், கேப்டன் டைகர் ஆகியோர் பிரெஞ்சு மொழிக்காரர்கள். இவற்றை நேசிப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் இந்த வழிகாட்டி பேசும் பொருளுக்குள் அவை வரமாட்டா. உள்ளே வருபவை வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்), மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் போன்றவர்களின் கதைகளும், சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலியோரின் கதைகளும் ஆகும். முதல் குழுவினர் அமெரிக்கச் செய்தித்தாள்களின் தொடர்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நாள்தோறும் ஒரு பட்டையாக வந்த படங்களை வெட்டி, புத்தகப் பக்கத்துக்கேற்ப அடுக்கி அச்சிட்டார்கள்; அப்படி அடுக்கும்போது படக் கட்டங்களின் ஓரம் வெட்டுப்படுவதும், இடம் நிரப்பப் படம் நீட்டி வரையப்படுவதும் உண்டு.

இரண்டாவது குழப்பம் விலை மாற்றுப் பிரதிகளைப் பற்றியது. 1960 முதல், ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம் தன் அமெரிக்க அச்சு ஓட்டத்தின் ஒரு பகுதியிலேயே அட்டை விலையை மட்டும் பிரித்தானியப் பென்னிக்கு மாற்றி அச்சிட்டு அந்நாட்டுக்கு அனுப்பியது. 1980களில் கனடாவுக்கு அனுப்பிய பிரதிகளிலும் விலை மட்டும் வேறாக இருந்தது. இவை அமெரிக்காவிலேயே, அதே எந்திரத்தில், அதே நேரத்தில் அச்சானவை. எனவே இவை மறுபதிப்புகள் ஆகமாட்டா. இங்கிலாந்து விலை போட்டிருப்பதாலேயே ஓர் இதழைப் பிரித்தானிய மறுபதிப்பு என்று விற்பவர் சொன்னால், அடுத்த படியில் கூறும் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: புத்தகத்தைப் படிக்கும் முன் அதன் உடம்பைப் படித்தல்

முதலில் அட்டையின் உட்புறத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைத் தேடுங்கள். அச்சகம் எந்த ஊரில் இருந்தது, யார் வெளியிட்டார், உரிமம் யாருடையது என்பவை அங்கே இருக்கும். வெளியிட்டவரும் அச்சிட்ட ஊரும் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் அது மறுபதிப்பு. ஆனால் பல மறுபதிப்புகளில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்காது. கதைக்குக் கீழே உள்ள அமெரிக்கக் காப்புரிமை ஆண்டை மட்டும் பார்த்து, அதுவே இந்தப் பிரதி அச்சான ஆண்டு என்று எண்ணிவிடக் கூடாது. கதைக்கும் பிரதிக்கும் இடையே பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளி இருக்கலாம்.

ஆண்டு இல்லாத இதழைக் காலவரிசைப்படுத்த அட்டை விலையே சிறந்த சான்று. பிரித்தானியா 1971 பிப்ரவரி 15 அன்று ஷில்லிங்கைக் கைவிட்டுத் தசம நாணயத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரி 14 அன்றும், நியூசிலாந்து 1967 ஜூலை 10 அன்றும் பவுண்டை விட்டு டாலருக்கு மாறின. இந்தியா அணாவை விட்டுப் பைசாவுக்கு மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று. ஆகவே ஷில்லிங் விலையுள்ள ஓர் ஆஸ்திரேலிய இதழ் 1966இன் தொடக்கத்துக்கு முந்தையது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். மாற்றக் காலத்தையொட்டிய சில மாதங்களில் இரு விலைகளும் அருகருகே அச்சாயின. அப்படிப்பட்ட பிரதி கிடைத்தால் அதன் காலத்தை ஏறக்குறைய மாதக்கணக்கிலேயே குறுக்கிவிட முடியும்.

இதற்குப் பிறகு தாளின் தன்மை, உயர அகலம், பக்க எண்ணிக்கை, உள்ளே வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களையும் விடாதீர்கள். உள்ளூர் மிட்டாய், மிதிவண்டி, தபால்தலை விளம்பரம் ஒன்று, பதிப்பு விவரம் கிழிந்துபோன பிரதிக்குக்கூட ஊரையும் காலத்தையும் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: எந்த நாட்டில் என்ன நடந்தது என்று கற்றல்

சேகரிப்பின் சுவை முழுவதும் இங்கேதான் இருக்கிறது; எனவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

பிரித்தானியாவில் போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அமெரிக்க இதழ்கள் நேராக வர முடியவில்லை. அந்த இடைவெளியில் உள்ளூர்ப் பதிப்பாளர்கள் உரிமம் வாங்கி அச்சிட்டார்கள். எல். மில்லர் நிறுவனம் அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் கதைகளை வெளியிட்டு வந்தது. சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்துடனான வழக்குக்குப் பின் 1953இல் ஃபாசெட் அக்கதைகளை நிறுத்தியபோது, மில்லருக்குக் கதை வற்றியது. பிரித்தானியப் படைப்பாளி மிக் ஆங்லோ அதே சாயலில் மார்வெல்மேன் என்ற புது நாயகனைப் படைக்க, 1954 பிப்ரவரியில் இதழ் தடங்கலின்றித் தொடர்ந்தது. மறுபதிப்பு ஒன்று சொந்தப் படைப்பாக மாறிய இந்த இடத்தை எந்தச் சேகரிப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். அடுத்து, 1959 முதல் 1989 வரை பதிப்பாளர் ஆலன் கிளாஸ் வெளியிட்ட இதழ்கள். கறுப்பு வெள்ளையில், ஆண்டு குறிப்பிடாமல், பல அமெரிக்க நிறுவனங்களின் திகில், அறிவியல் கதைகளைக் கலந்து, ஒரே கதையைப் பல முறை திருப்பி அச்சிட்ட தொடர்கள் இவை. மேலே சொன்ன விலைச் சோதனை இவற்றுக்குத்தான் மிகவும் பயன்படும். 1966 முதல் 1969 வரை ஓடம்ஸ் நிறுவனத்தின் வார இதழ்கள் மார்வெல் கதைகளை உள்ளூர் நகைச்சுவைப் பக்கங்களோடு சேர்த்துத் தந்தன. 1972இல் மார்வெல் தன் சொந்தப் பிரித்தானிய வார இதழைத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் 1940இல் டாலரைச் சேமிக்க அமெரிக்க இதழ்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. அதன் விளைவாகவே கே. ஜி. மர்ரே நிறுவனம் 1947 முதல் டிசி கதைகளை உள்ளூரில் அச்சிட்டது. இவற்றில் பெரும்பாலானவை வண்ண அட்டையும் கறுப்பு வெள்ளை உட்பக்கமும் கொண்டவை. ஓர் இதழுக்குள் பல அமெரிக்க இதழ்களின் கதைகள் கலந்திருக்கும் என்பதால் மூலத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. 1948 செப்டம்பரில் ஃப்ரூ நிறுவனம் தொடங்கிய வேதாளர் இதழ் இன்றும் வெளிவருகிறது. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் மட்டும் வாழ்ந்த நியூட்டன் காமிக்ஸின் மார்வெல் மறுபதிப்புகளைத் தேடுவோரும் உண்டு.

கனடாவிலும் 1940 டிசம்பரில் செலாவணிச் சட்டம் அமெரிக்க இதழ்களைத் தடுத்தது. அங்கே ஒரு வியப்பான வழியைக் கண்டார்கள்: ஃபாசெட் கதைகளின் எழுத்துப் பிரதியை வாங்கி, கனடிய ஓவியர்களைக் கொண்டு புதிதாக வரைந்து கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். கதை அமெரிக்கருடையது, கோடு கனடியருடையது.

ஐரோப்பாவில் தணிக்கையின் கை தெரியும். பிரான்சில் 1949ஆம் ஆண்டின் இளையோர் வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு கண்காணிப்புக் குழு இயங்கியது. லியோன் நகரின் லுக் பதிப்பகம் 1969இல் தொடங்கிய ஃபான்டாஸ்க் இதழ் அந்தக் குழுவின் எதிர்ப்பால் ஏழு இதழ்களோடு நின்றது. 1970 ஜனவரியில் ஸ்ட்ரேஞ்ச் தொடங்கியபோது பதிப்பகம் அடிதடிப் படக் கட்டங்களில் ஒலிச் சொற்களையும் கொடூர முகங்களையும் தானே திருத்தி வரைந்தது. மூல இதழை அருகில் வைத்து ஒப்பிட்டால் ஒரு பக்கத்திலேயே பல திருத்தங்களைக் காணலாம். இத்தாலியின் மொண்டடோரி நிறுவனம் சூப்பர்மேனை 1954 முதல் நெம்போ கிட் என்ற பெயரில் விற்றது. ஸ்பெயினில் 1969 முதல் வெர்ட்டிசே நிறுவனம் மார்வெல் கதைகளைச் சிறிய, தடித்த, கறுப்பு வெள்ளைப் புத்தகங்களாக்கியது. லோபஸ் எஸ்பி தீட்டிய அட்டை ஓவியங்களுக்காகவே அவற்றை வாங்குகிறார்கள். மூலத்தில் இல்லாத அழகு மறுபதிப்பில் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மெக்சிகோவின் நோவாரோ நிறுவனம் டிசி கதைகளை ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் பலவற்றுக்கும் அனுப்பியது. அதில் பேட்மேனின் சொந்தப் பெயர் புரூனோ டியாஸ். அதே நாட்டின் லா பிரென்சா நிறுவனம் ஸ்பைடர்மேனை வெளியிட்டது. 1973 ஜூன் தேதியிட்ட அமெரிக்க இதழில் நாயகனின் காதலி குவென் ஸ்டேசி இறந்துபோகிறாள். மெக்சிகோ இதழோ உள்ளூர் ஓவியர் ஹோசே லூயிஸ் கொன்சாலெஸ் துரான் வரைந்த புதிய கதைகளில் அவளை வாழவைத்து, நாயகனுக்கு மணமுடித்தும் வைத்தது. அந்த இதழ்கள் இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்கள். விலையும் அதற்கேற்ப உயர்ந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், 1990 வரை 803 இதழ்களை ஆங்கிலத்தில் வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றிலும் வந்தது, அவற்றுள் தமிழும் ஒன்று. முதல் இதழின் விலை 60 பைசா. தொடக்க கால அட்டைகளை பி. கோவிந்த் தீட்டினார். வேதாளரின் காடு உள்ள நாடு இந்திய வாசகர்களுக்காக டென்காலி என்று பெயர் மாறியது. உலகச் சேகரிப்பாளர்களின் பார்வையில் இந்திரஜாலும் ஓர் அயல்நாட்டு மறுபதிப்புதான். அதன் தமிழ்ப் பிரதிகள் ஆங்கிலப் பிரதிகளைவிட மிக அரிதானவை. 1972க்குப் பின் வந்த முத்து காமிக்ஸின் அமெரிக்கத் தொடர்களும், 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் பின்னர் மாயாவி என்ற பெயரில் வெளியிட்ட வேதாளர் கதைகளும் இந்த வரிசையிலேயே நிற்கின்றன. அயல்நாட்டார் எழுதிய பட்டியல்களில் தமிழ் இதழ்களைப் பற்றிய விவரம் மெலிந்தே இருக்கிறது. அதை நிரப்பக்கூடியவர்கள் நாம்தான்.

நான்காம் படி: ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தல்

இத்தனை நாடுகளையும் ஒருசேர விரட்டினால் பணமும் இடமும் தீர்ந்துபோகும். ஒரு நாயகன், ஒரு நாடு, அல்லது ஒரு கதை என்று குறுக்கிக்கொள்ளுங்கள். நம் பகுதியில் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது வேதாளரைத்தான். லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று செய்தித்தாளில் தொடங்கிய அந்தத் தொடருக்கு 1948 முதல் ஆஸ்திரேலியப் பதிப்பும், 1950 முதல் சுவீடன் பதிப்பும், 1964 முதல் இந்தியப் பதிப்பும் உண்டு. ஒரே கதையின் இந்திரஜால், ஃப்ரூ, தமிழ்ப் பிரதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்தத் துறையின் அடிப்படை முழுவதும் விளங்கிவிடும், செலவும் தாங்கக்கூடியதே.

ஐந்தாம் படி: தேடுதல்

வீடுகளிலிருந்து தொடங்குங்கள். புத்தகம் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், ஏனெனில் படக்கதையைப் பலரும் புத்தகக் கணக்கில் சேர்ப்பதில்லை. “காக்கா, வாப்பா கொழும்புலேர்ந்து வரும்போது சின்னப் புள்ளைகளுக்குப் படம் போட்ட புஸ்தகம் கொண்டாருவாங்களா? பரண்ல பழைய டிரங்குப் பெட்டி ஏதும் கெடக்கா?” என்று குறிப்பாகக் கேட்டால் நினைவு திறக்கும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் கேட்பவர்கள் அந்த வீட்டு வழக்கப்படி அண்ணே என்றோ ஐயா என்றோ கேட்கட்டும். வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டியதை உங்கள் வீட்டுப் பெண்கள் மூலம் கேளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். இதழின் சந்தை மதிப்பை மறைத்து எடை விலைக்கு வாங்குவது முறையல்ல. தெரிந்ததைச் சொல்லி, நியாயமான தொகை கொடுங்கள்; விற்க மனமில்லாதவரிடம் படம் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேளுங்கள்.

இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய பேப்பர் கடைக்காரர்களிடம் படக்கதை கண்ணில் பட்டால் எடுத்து வைக்கும்படி சொல்லி வையுங்கள். எடை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாக முன்பே உறுதி கூறுங்கள். அதற்கு அப்பால் மதுரை, சென்னை ஆகிய நகரங்களின் பழைய புத்தகக் கடைகளும், பெங்களூரின் அவென்யூ சாலையும், மும்பையின் ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதையும், டெல்லியின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையும் உள்ளன.

ஆறாம் படி: பார்க்காமல் வாங்கும்போது

இணைய ஏலத்தில் வாங்குபவர் முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரப் பக்கம், நடுப்பக்கத்தின் ஸ்டேபிள் பின் ஆகிய நான்கின் படங்களையும் கேட்காமல் ஏலத்தில் இறங்கக் கூடாது. கூப்பன் வெட்டப்பட்டதா, புதிர்ப் பக்கம் நிரப்பப்பட்டதா, ஓரம் வெட்டி ஒழுங்காக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய நூலகப் பிரதிகளும் பைண்டு செய்த தொகுதிகளும் ஓரம் வெட்டப்பட்டவையாகவே இருக்கும். பக்க எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 1994 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையப் பட்டியலில் பல நாட்டு மறுபதிப்புகள், மூல இதழின் எண்ணோடு பதிவாகியுள்ளன. ஜெராக்ஸ் அட்டை ஒட்டிய பிரதிகள் தமிழ் இதழ்களில் புழங்குகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பழைய அச்சின் வண்ணம் ஒழுங்கான புள்ளி வரிசைகளாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரின் வண்ணம் சிதறிய துகள்களாகத் தெரியும்.

ஏழாம் படி: கடற்காற்றிலிருந்து காத்தல்

நம் கரையில் சேகரிப்பின் பாதி உழைப்பு இதில்தான் செல்லும். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியாலும் காற்றாலும் மாறி, தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கிறது. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. உப்புக் காற்று ஸ்டேபிள் பின்னைத் துருப்பிடிக்க வைக்க, துரு நடுப்பக்கத்தைத் தின்றுவிடுகிறது.

வீட்டின் உள்ளறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இதழ்களை வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையிலும் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. ஒவ்வொரு இதழையும் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையுடன் இட்டு, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிறுத்தி வையுங்கள். பிவிசி உறை கூடாது. காலப்போக்கில் அது மையோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான இதழை ஒருபோதும் பெட்டிக்குள் மூடாதீர்கள். முதலில் மின்விசிறிக் காற்றில், நிழலில், சில நாள்கள் உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் விரைவில் நிறம் மாறும். அப்போது அடிக்கடி மாற்றுங்கள். அந்த மாதங்களில் பெட்டியைத் தேவையின்றித் திறக்காமல் இருப்பதே மேல்.

பரணிலிருந்து வந்த இதழைச் சேகரிப்போடு உடனே சேர்க்கக் கூடாது. இராமபாணப் பூச்சியோ அதன் முட்டையோ ஒட்டியிருக்கலாம். காய்ந்த இதழை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் விட்டுவிடுங்கள். இல்லையெனில் தாளில் நீர் பூக்கும். வசம்பும் வேப்பிலையும் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அவற்றைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைக்கலாம். தாளின் மேல் நேராக வைத்தால் கறை படியும். செல்லோடேப், லேமினேஷன், ஃபெவிகால் மூன்றும் விலக்கப்பட்டவை. துருப்பிடித்த பின்னை நீங்களே பிடுங்க முயல வேண்டாம்.

எட்டாம் படி: பதிவேடு எழுதுதல்

ஒவ்வொரு இதழுக்கும் நாடு, பதிப்பாளர், இதழ் எண், அட்டை விலை, அளவு, மூல அமெரிக்க இதழ் அல்லது தொடரின் தேதி, மூலத்திலிருந்து கண்ட மாற்றங்கள், வாங்கிய ஊர், கொடுத்த விலை ஆகியவற்றை எழுதுங்கள். குடும்பத்தினர் சம்மதித்தால், அந்த இதழ் எந்தத் துறைமுகத்திலிருந்து, ஏறக்குறைய எந்த ஆண்டில் வந்தது என்பதையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறியுங்கள். கொண்டுவந்த தலைமுறை இருக்கும்போதே கேட்டால்தான் அந்த விவரம் கிடைக்கும். அட்டையையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் படமெடுத்து, கோப்பின் பெயரிலேயே நாட்டையும் இதழ் எண்ணையும் சேர்த்துச் சேமியுங்கள். பட்டியல்களில் இல்லாத தமிழ்ப் பிரதி உங்களிடம் இருந்தால் அந்த விவரங்களை அனுப்பிச் சேர்க்கச் செய்யுங்கள். இரட்டைப் பிரதி இருந்தால், அதே பாதையில் தேடும் இன்னொருவரிடம் உங்களிடம் இல்லாத ஓர் இதழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.